மஞ்சள் வந்தால் அமுக்கு
கிர்கிஸ்தானின் ஓஷ் நகரத்துக் காலை வெயில் கணினித் திரையில் சாய்ந்து, சக ஊழியன் தெமிரின் பெயரில் நேற்று மின்னஞ்சலில் வந்த மதகு அட்டவணைக் கோப்பின் தலையில் நிற்கும் மஞ்சள் எச்சரிக்கையை இன்னும் மஞ்சளாக்குகிறது. கோப்புக்குள் இருந்து தானே ஓடும் கட்டளையான மேக்ரோவை அனுமதிக்கலாமா என்று அது கேட்கிறது. ‘மஞ்சள் வந்தால் அமுக்கு’ என்று தெமிர் எழுதி ஒட்டிய சீட்டு, அணை அலுவலகத்தின் எல்லாத் திரைகளின் ஓரத்திலும் சுருண்டு கிடக்கிறது. தண்ணீர் கேட்கும் பருத்தி விவசாயிகளின் அழைப்புகளால் தொலைபேசி ஓயாமல் அடிக்கிறது. குல்ஜானின் விரல் மட்டும் மௌஸின்மேல் அசையாமல் இருக்கிறது. “அமுக்குங்கக்கா, டீ ஆறுது,” என்கிறான் தெமிர், ரொட்டியைப் பிய்த்தபடி. “நேத்து பூரா கல்யாண வீட்டுல ஆடிக்கிட்டிருந்தியே, இதை எப்படா அனுப்பின?” என்கிறாள் குல்ஜான். தெமிரின் கை ரொட்டியோடு நிற்கிறது. “நான் எதுவும் அனுப்பலையேக்கா.” உள்ளறையிலிருந்து இயக்குநரின் குரல் வருகிறது: “குல்ஜான், நான் அப்பவே அமுக்கிட்டேன். ஏம்மா அட்டவணையில எல்லாக் கட்டமும் காலியாகிக்கிட்டே வருது?”