ஒன்பது நாற்பது

"வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது நாற்பதுக்கு இங்க உனக்கு என்னம்மா வேலை?"

தங்கசாமி கேட்டது முருகலட்சுமிக்குப் புரியவே இல்லை.

"நான் ஆறு மணி பஸ்ஸுக்கே பாளையம்பட்டி போயிருவேன் சார்."

"மெஷினு பொய் சொல்லுமா? கேள்வித்தாளைக் கடைசியாத் திறந்தது ஒன்பது நாற்பதுன்னு காட்டுது. கதவுச் சாவி உன்கிட்ட. பாஸ்வேர்டு தெரிஞ்சது நானும் நீயும்தான்."

அருப்புக்கோட்டையில் அது தங்கசாமியின் கம்ப்யூட்டர் சென்டர். பாடம் நடத்துகிறவள் முருகலட்சுமி. முதல் மார்க் வாங்குகிறவருக்கு மில் ஆபீஸில் வேலை என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு பரீட்சை நடந்தது. அதன் கேள்விகள் முந்தின நாளே வெளியே போய்விட்டன. கல் உடைத்து மகளைப் படிக்க வைத்து இந்தப் பரீட்சைக்கு அனுப்பிய பால்சாமி நேற்று வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார். பதினொரு மணிக்கு மறுபடியும் வருகிறார்.

"அவர் வரும்போது நீதான் செஞ்சேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிரு. இல்லேன்னா ராத்திரியில ஒரு பொம்பளப்பிள்ளை இங்க யாரு கூட இருந்தான்னு ஊரு கேக்கும்."

மேசைக்கடியில் கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்த வீரபாண்டி தலையை நிமிர்த்தினான். காரியாபட்டி மெக்கானிக். தினமும் காலையில் மெஷினைப் போட்டால் தேதி தப்பு, செட்டிங் தப்பு என்று நின்றுவிடுகிறது என்பதற்காக வந்தவன்.

"தேதி 1980ன்னு காட்டுதா அண்ணாச்சி?"

"ஆமா. தினம் இவதான் மணி பாத்துப் போடுவா. அதுலயும் இவ ஏதோ கோளாறு பண்ணியிருக்கா."

"எண்பதுல நான் கைப்பிள்ளை சார்," என்றாள் முருகலட்சுமி. "அதுக்கும் நான்தானா?"

"வாயைப் பாரு."

"உள்ள இருக்கிற பேட்டரி செத்துக் கெடக்கு, அவ்வளவுதான்." வீரபாண்டி புது பேட்டரியைச் செருகி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி போட்டான். "இதுல விண்டோஸ், லினக்ஸுன்னு ரெண்டு சிஸ்டம் ஏத்தியிருக்கீகளே, கேள்வித்தாளு எதுல?"

"லினக்ஸுல. பிள்ளைகளுக்கு விண்டோஸ் மட்டும்தான் தெரியும்னு அதுல வச்சோம்."

திரையில் லினக்ஸ் வந்ததும் வீரபாண்டி சிரித்துவிட்டான்.

"சுவத்துல மணி பத்து. இதுல பாருங்க, மத்தியானம் மூணரை. நாம போடுற மணியை விண்டோஸ் அப்படியே எடுத்துக்கிரும். இது அதை லண்டன் மணின்னு நெனச்சு, நம்ம ஊருக்காக அஞ்சரை மணி நேரம் கூட்டிக் காட்டுது."

முருகலட்சுமி எழுந்தே விட்டாள். "அப்ப ஒன்பது நாற்பதுன்னா?"

"சாயங்காலம் நாலு பத்து தங்கச்சி."

நேற்று பால்சாமி வந்ததிலிருந்து ஒரு வாய் சோறு இறங்காத அவளுக்கு அப்போதுதான் பசித்தது.

"வெள்ளிக்கிழமை நாலு பத்துக்கு நான் இங்க இல்லவே இல்ல சார். நீங்கதானே பேப்பர் வாங்கிட்டு வான்னு பஜாருக்கு அனுப்புனீக? திரும்பி வாரேன், கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கு. தட்டுனதும் உங்க மக கிருஷ்ணப்ரியாதானே வந்து..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். கிருஷ்ணப்ரியாவும் அந்தப் பரீட்சை எழுதியவள்.

தங்கசாமி வீரபாண்டியிடம் கேட்டார்.

"இந்த மணியைச் சரி பண்ண எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு வரி மாத்தணும் அண்ணாச்சி. அஞ்சு நிமிஷம்."

"மாத்துனா, ஏற்கெனவே பதிஞ்ச ஒன்பது நாற்பதும் மாறிருமா?"

"அது மாறாது. பதிஞ்சது பதிஞ்சதுதான்."

தங்கசாமி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து முருகலட்சுமியின் முன்னால் வைத்துவிட்டு வீரபாண்டியிடம் சொன்னார்.

"அப்ப பால்சாமி வாரதுக்குள்ள மணியைச் சரி பண்ணிரு. அவர் பாக்கும்போது சுவத்து மணியும் மெஷினு மணியும் ஒண்ணா இருக்கணும்."