திலகவதியின் மூன்று நாள்

கஸ்தூரியம்மாள் அறைக்கதவைச் சாத்தி வெளித் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள். உள்ளே இருந்தது அவள் மருமகள் திலகவதி.

"ஆயா! எங்கம்மா என்ன திருடியா?" சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கிய பேத்தி சத்யா, தோள்பையைக்கூட இறக்காமல் கத்தினாள்.

"வந்ததும் வராததுமா ஏண்டி கத்துற? அவ தூரம். மூணு நாளு வூட்டுக்குள்ள வரக் கூடாது. கொல்லைப் பக்கத்துக் கதவு தொறந்துகினுதான் கெடக்கு."

மாதவிலக்கு என்றால் அந்த குவார்ட்டர்ஸில் அதுதான் சட்டம். அடுப்பங்கரை கிடையாது, பூஜை அலமாரிப் பக்கம் போகக் கூடாது, சாமி பேரைக்கூட வாய்விட்டுச் சொல்லக் கூடாது. வடக்குத்து கிராமத்திலிருந்து இந்தக் கம்பெனி நகரியத்துக்குக் குடிவந்து எத்தனையோ வருஷமாகியும் கஸ்தூரியம்மாள் அதில் ஒரு புள்ளியை மாற்றவில்லை.

சத்யாவும் பள்ளி நாட்களில் அந்த அறைக்குள், ஓட்டைச் சைக்கிளுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே மூச்சு முட்ட உட்கார்ந்தவள்தான். வேலை கிடைத்துப் போனபோது அவளுக்கு முதலில் தோன்றியது, இனி அந்தக் கதவு இல்லை என்பதே. அம்மாவை அதற்குள்ளேயே விட்டுவிட்டு வந்தோம் என்பது பிறகுதான் உறைத்தது.

"மார்கழி வெள்ளிக்கிழமை, அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகத்தான் லீவு போட்டு வந்தேன்."

"சாமி எங்கயும் ஓடிடாது. பல்லு வெளக்கு, போ."

சத்யா கொல்லைப் பக்கம் சுற்றிக்கொண்டு போனாள். பனி இறங்கி எதிர் வீடே தெரியவில்லை. ஸ்வெட்டருக்குள்ளும் அவளுக்கு உடம்பு நடுங்கியது.

உள்ளே திலகவதி செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தாள். கழுத்தெல்லாம் வேர்வை. 'பாவம், காத்தே வராத அடைசல்' என்று சத்யாவுக்கு மனசு பொங்கியது.

"என்கூட சென்னைக்கு வந்துடும்மா."

"கிட்ட வராத கண்ணு, அப்புறம் தலைக்கு ஊத்தணும்." திலகவதி சிரித்தாள். "விடு. மூணு நாள்தானே."

அழுதிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். சிறை பழகிப்போனவர்கள்தான் இப்படிச் சிரிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே சத்யா வீட்டுக்குள் வந்தாள்.

"திலகா! என் சாக்ஸ் எங்க?" முதல் ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா ராஜேந்திரன் வழக்கம்போல் குரல் கொடுத்தார்.

"அவ இல்லடா. கண்ணு இருக்குல்ல, தேடு" என்றாள் கஸ்தூரியம்மாள், ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தோசை வார்த்தபடி.

அவர் பஸ்ஸுக்கு ஓடியதும் எதிர் வீட்டு பிரபாவதி வாசலில் நின்றாள். "அக்காவைக் கொஞ்சம் அனுப்புங்கம்மா. கோயில்ல பொங்கல் வெக்கணும், அக்கா கைபட்டாதான் வேலை ஓடும்."

"அவ தூரம். மூணு நாளைக்கு அவள ஒருத்தரும் கூப்புடாதீங்க."

கோயிலுக்குப் போகவிருந்த கடைசி வழியும் அடைபட்டதைப் பார்த்தாள் சத்யா.

"முட்டி வலியில நீயும் சாவுற, அவங்களையும் அடைச்சு வெக்கிற. யாருக்காக ஆயா இந்த வீம்பு?"

"எங்க மாமியா காலத்துலேர்ந்து இருக்கிற வழக்கம். நீ வந்து மாத்தாத."

"மாத்துறேன் பாரு. இதே நடு வீட்டு வழியா, இந்தப் பூஜை அலமாரி முன்னாடியே எங்கம்மாவைக் கூட்டிட்டுப் போறேன்."

சத்யா தாழ்ப்பாளில் கை வைத்தாள். தோசைக் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்த கிழவி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொறக்காத. சாமிக்கு ஆவாது."

"ஆகாத சாமி எனக்கும் வேணாம்."

தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது.

திலகவதி வெறும் சுவரைப் பார்த்துச் சம்மணமிட்டிருந்தாள். விளக்கில்லை, படமில்லை. மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருக்க, எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதுபோல மெல்லப் பேசிக்கொண்டிருந்தாள். "அப்புறம் கேளு முருகா... அன்னைக்குப் பாதியில விட்டேனே..."

இந்த முகத்தைச் சத்யா பார்த்ததே இல்லை. அவள் அறிந்த அம்மா, ஒரு காதைக் குக்கர் விசிலில் வைத்துக்கொண்டு விளக்கேற்றுவாள்; சூடம் அணைவதற்குள் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள்.

அடுத்த நொடி அவளுக்குப் பகீரென்றது. தூரமாக இருப்பவள் வாயில் முருகன் பேர்! ஆயா பார்த்துவிட்டாள்.

சத்யா குறுக்கே நின்றுகொண்டு கெஞ்சினாள். "அம்மாவை ஒண்ணும் சொல்லாத ஆயா. வாய்தவறி..."

கஸ்தூரியம்மாள் ஓசைப்படாமல் கதவைச் சேர்த்தாள். பேத்தியின் காதருகே குனிந்தாள்.

"உங்கம்மாவுக்குத் தூரம் நின்னு ரெண்டு வருஷம் ஆவுதுடி."