ஆறு முனைத் தகடு

"இது கூடோத்திரம்தானே அண்ணாச்சி? யாரோ வச்ச செய்வினைதானே? மறைக்காமச் சொல்லுங்க."

உலகம்மை செய்தித்தாளைப் பிரித்து அந்தச் செப்புத் தகட்டை மேசைமேல் போட்டாள். விரலால் தொடவே அவளுக்குப் பயம்.

சிவதாணு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கிழக்கேகோட்டைப் பாத்திரக் கடைகளுக்கு நடுவில் பெயர் வெட்டிக் கொடுப்பவர். பூஜைத் தகடுகளும் வெட்டுவார். அந்தப் பக்கத்தில் பழைய வட்டெழுத்தைப் படிக்கத் தெரிந்தவரும் அவர் ஒருவர்தான்.

தகட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முக்கோணங்கள். மொத்தம் ஆறு முனை. நடுவில் ஒரே ஒரு வரி வட்டெழுத்து.

கரமனையில் ஒரு வீட்டை இரண்டாகத் தடுத்து அண்ணன் தம்பி குடும்பங்கள் இருந்தன. தம்பி பால்பாண்டியின் மனைவி உலகம்மை. காலையில் குழாய் போடத் தோண்டியபோது அவள் வீட்டு வாசற்படிக்கு அடியில் இது அகப்பட்டது. மகள் நீதுவுக்கோ மூன்று நாளாகக் காய்ச்சல். பார்த்த உடனேயே ஓரகத்தி நீலாம்பாள் மேல்தான் சந்தேகம் போயிற்று. நீலாம்பாளின் மகளுக்கு நாளை மறுநாள் கல்யாணம்.

"நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மண்டபத்துல வச்சே அண்ணன் உறவை அறுத்துட்டு வாறேன்னு நிக்காவ அவிய."

வெளியே பால்பாண்டி பைக்கை அணைக்காமலே உட்கார்ந்திருந்தான்.

சிவதாணு தகட்டைத் திருப்பினார். விளிம்பை நகத்தால் தடவினார்.

"இதையே முருகன் கோயில்ல பாத்தாக் கன்னத்துல போட்டுக்கிடுவிய. மேல பாக்குறது சிவன், கீழ பாக்குறது சக்தி. கொச்சியில யூதர் தெருவுக்குப் போனா சன்னல் கம்பியிலகூட இருக்கு."

அதோடு விடவில்லை. ஜெர்மனியில் ஒரு காலத்தில் பீர் விற்கும் கடை வாசலில் இதைத்தான் தொங்கவிட்டார்களாம். பித்தளை விளக்கு வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் சொன்னது. சாமிக்கும் குடிக்கும் பொதுவாக இருந்ததை மந்திரவாதிகள் மண்ணில் புதைத்துப் பயமாக்கினார்கள், மீதியைச் சினிமாக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்றார்.

"அப்போ எங்க வீட்டு நடைக்கு அடியில பீர்க் கடைக்காரனா வந்து புதைச்சான்?"

சிவதாணுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "படம் எதையும் சொல்லாதும்மா. உள்ள என்ன எழுதியிருக்குன்னுதான் பாக்கணும்."

விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"இவ்வீட்டுப் பிள்ளை நீடு வாழ்க."

உலகம்மை நம்பவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தார். எத்தனை வருஷத்துத் தகடு என்று கேட்டாள். பச்சை ஏறியிருப்பதைப் பார்த்தால் பதினோரு வருஷம் இருக்கும் என்றார்.

அவள் கணக்குப் பார்த்தாள். நீதுவுக்குப் பத்து வயது. அதற்கு முன் ஏழு வருஷம் பிள்ளை இல்லாமல் அவள் ஏறி இறங்காத கோயில் இல்லை.

"மதினியா அண்ணாச்சி? அந்த வருஷம் கிணத்துச் சண்டையில எங்கூடப் பேச்சே கிடையாதே."

"பேச்சு இருந்தா வாயாலயே சொல்லிட்டுப் போயிருப்பாங்க. இல்லாததுனாலதான் புதைக்க வேண்டியதாப் போச்சு."

"இதை யாரு வெட்டிக் குடுத்திருப்பா?"

"யாரோ. எழுத்து அப்படி ஒண்ணும் அழகா இல்ல," என்றார் சிவதாணு. "முதல்ல பிள்ளையை டாக்டர்கிட்டக் காட்டு."

தகட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே போனாள். அவள் சொல்லச் சொல்லப் பால்பாண்டியின் தலை குனிந்தது. பிறகுதான் பைக்கை அணைத்தான். டாக்டரிடம் போய்விட்டு நேரே அண்ணன் வீட்டுக்குப் போகலாம், மதினிக்குப் பிச்சிப்பூ வாங்கிக்கொள்ளலாம் என்று உலகம்மை சொல்வது கடைக்குள் கேட்டது.

அவர்கள் போனதும் அடுத்த ஆள் வந்தார். கண் சிவந்திருந்தது. புதுச் செப்புத் தகடு ஒன்றையும் மந்திரவாதி எழுதித் தந்த சீட்டையும் நீட்டினார்.

"பங்காளி குடும்பம் விளங்கக் கூடாது. சீட்டுல உள்ளதை அப்படியே வெட்டணும்."

"வெட்டிரலாம்," என்றார் சிவதாணு.

பதினோரு வருஷத்துக்கு முன் இதே போல் கண் சிவந்து வந்து நீலாம்பாள் நீட்டிய சாபச் சீட்டைக் கிழித்துப் போட்டது போலவே, அந்த ஆள் போனதும் இதையும் கிழித்துப் போட்டார். பிறகு தகட்டில் ஆறு முனை வரைந்து, வருகிறவர்கள் யாருக்கும் படிக்கத் தெரியாத வட்டெழுத்தில், அன்று நீலாம்பாளுக்கு வெட்டியதையே, இப்படி வருகிற எல்லோருக்கும் வெட்டுவதையே, வெட்டத் தொடங்கினார்: "இவ்வீட்டுப் பிள்ளை நீடு வாழ்க."