கண்ணுசாமி சோடா

சாராய ஆலை மூடப்பட்ட அன்று, பொன்னமராவதியில் கண்ணுசாமி தன் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பன்னீர் சோடா இலவசமாகக் கொடுத்தார்.

குடித்துக் குடித்தே செத்துப்போன மருமகனின் படத்தோடு ஆலை வாசலில் நாற்பது நாள் உட்கார்ந்தவர் அவர்தான். கணவனை இழந்து வீடு திரும்பிய மகள் தேவிப்ரியா, இப்போது அப்பாவின் சோடா கம்பெனியில் பாட்டில் நிரப்புகிறாள்.

அடுத்த வாரம், சோடாவில் ஏற்றும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வரவில்லை. ஏஜென்ட் கோபிநாத்துக்கு போன் போட்டார்.

"என்னப்பா, மிஷின் மூணு நாளா சும்மா நிக்குது. சிலிண்டர் எங்க?"

"இனிமே வராதுண்ணே. நீங்கதான மூட வச்சீங்க?"

"நான் மூட வச்சது சாராய ஆலையப்பா!"

"அங்கேருந்துதாண்ணே வந்துச்சு. சாராய ஊறல் பொங்கயில வர்ற கேஸைத்தான் பிடிச்சு, சுத்தம் பண்ணி, சிலிண்டர்ல அடைச்சுத் தருவாங்க. இருபது வருசமா ஒங்க சோடாவுல பொங்குனது அதுதான். வெளியூர் கேஸ் பெரிய கம்பெனிகளுக்கே பத்தல."

கண்ணுசாமி போனை வைத்தார். தேவிப்ரியா கழுவிய பாட்டில்கள் காலியாகவே நின்றன.

சாயங்காலம் மருமகனின் பழைய கூட்டாளிகள் இருவர் பைக்கில் வந்தார்கள்.

"மாமா, நாலு சோடா குடுங்க."

"ஆலையத்தான் மூடியாச்சே, இன்னும் என்னத்தக் குடிக்கிறீங்க?"

"சரக்கு வெளி ஜில்லாவுலேருந்து வருது மாமா, கடையில நெறையக் கெடக்கு" என்றான் ஒருவன். "சோடாதான் எங்கிட்டுமே கெடைக்க மாட்டேங்குது."