ஊதாவும் மஞ்சளும்

பாறையில் ஒட்டியிருந்த கல்பாசி பார்வைக்கு ஒரே உடம்பு. உள்ளே குடியிருந்தது பாசி, பூஞ்சை என்று இரண்டு பேர். பாசி வெயிலைப் பிடித்துச் சமைத்துப் போடும். அந்த வெயில் பாசியைச் சுட்டுவிடாமல் பூஞ்சை மேலே பழுப்பாக ஒரு பூச்சு பூசிவைக்கும்.

ஒருநாள் ஆய்வுக்கூடத்துப் பெண் அதைப் பெயர்த்துக்கொண்டு போனாள். ஒரு துணுக்கை அரைத்து, சாற்றை ஊதாத் திரவத்தில் விட்டாள். திரவம் மஞ்சளானது.

"இந்தப் பழுப்புப் பூச்சில் எவ்வளவு பாலிபீனால்! செல்லைக் கெடாமல் காக்கும் நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட்" என்றாள்.

பூஞ்சைக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டியா தம்பி? அவ்வளவும் என் சரக்கு."

"நம்ம சரக்குன்னு சொல்லலாமே, அண்ணாச்சி."

"நீ அடுப்படியில கிடந்தவன். உனக்கென்ன தெரியும்?"

சரக்கு யாருடையது என்று அவளும் பார்க்க நினைத்தாள். இருவரையும் பிரித்துத் தனித்தனிக் கண்ணாடித் தட்டுகளில் வைத்தாள். பூஞ்சை அவள் ஊற்றிய சர்க்கரைக் கூழைத் தின்று பஞ்சுபோலக் கொழுத்தது. ஒரு மாதம் கழித்து அதன் சாற்றைச் சோதித்தாள். ஊதா ஊதாவாகவே இருந்தது.

"இன்னொரு மாதம் பார்ப்பேன். அப்புறம் குப்பைதான்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் திரையை விலக்கினாள்.

பூஞ்சை எவ்வளவு முக்கியும் ஒன்றும் வரவில்லை. பக்கத்துத் தட்டைப் பார்த்தது. பாசியின் ஓரம் வெளிறியிருந்தது.

"என்ன தம்பி, வாடிட்டே?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. வெயில்தான்."

பூஞ்சை பாசி இருந்த பக்கமாகப் படர்ந்தது; அந்த ஓரத்தில் மெல்லப் பழுப்பு ஏறியது. அந்த மாதம் முடிந்து அவள் பூஞ்சையின் சாற்றைச் சோதித்தபோது திரவம் லேசாக மஞ்சளித்தது.

"யார் சரக்கு அண்ணாச்சி?" என்றது பாசி.

"பேசாம இந்தப் பக்கம் நகர்ந்து உட்காரு" என்றது பூஞ்சை. "மேலே வெயில் படுது."