எட்டு மணிப் பள்ளிக்கூடம்

வெயில் கொளுத்துகிறதென்று சிக்கல் ஊருக்குப் பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்தை ஒன்பது மணியிலிருந்து எட்டு மணிக்கு மாற்றினார்கள். காலைச் சாப்பாடு ஆக்கும் கனகலட்சுமிக்கு இனி விடிந்தும் விடியாமலும் வேலை. முதல் நாள், அங்கேயே படிக்கும் மகள் கவிப்ரியாவைத் தூங்கவிட்டு, சமையல்கட்டின் பின்வாசலைத் திறந்து உள்ளே வந்தாள்.

உப்புமா வாளியோடு வராந்தாவுக்குப் போனால், பிள்ளைகள் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு வரிசையாகக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பரவாயில்லையே, நேரத்துக்கு வந்துவிட்டதுகளே என்று சந்தோஷமாகப் பரிமாறினாள். ஒரு பிள்ளைகூட "போதும்" என்று சொல்லவில்லை.

சாம்பார் எடுக்க உள்ளே போனபோது முன்வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தால் வரிசை காலி. சுடச்சுட வைத்த உப்புமா அத்தனை தட்டிலும் சில்லிட்டுக் கிடந்தது. வாட்ச்மேன் இருளாண்டி கையில் பூட்டோடு நின்றார்.

"அண்ணே, இங்கன உக்காந்திருந்த பிள்ளைக எங்க?"

"எந்தப் பிள்ளைக? இப்பத்தானம்மா கேட்டையே தெறக்குறேன்."

தனியாக வரப் பயந்து, மறுநாள் கவியையும் எழுப்பி, சீருடை மாட்டிக் கூட்டிவந்தாள். "என்னைய விட்டு நகரக் கூடாது" என்று அடுப்பங்கரையிலேயே உட்கார வைத்தாள்.

உப்புமாவைக் கிளறிவிட்டுத் திரும்பினால் கவி இல்லை.

வராந்தாவுக்கு ஓடினாள். அதே வரிசை, அதே சீருடை, அதே குனிந்த தலைகள். இதில் எது தன் பிள்ளை என்று தெரியவில்லை.

"கவி" என்றாள்.

அத்தனை தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன.

"என்னம்மா?"