அரைச் சுற்று

பழைய டீசல் பிக்கப்பை வாங்க வந்த மூன்றாவது ஆளும் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். எவ்வளவு முடுக்கியும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை.

“டீசல் லைன்ல காத்து புகுந்திருக்கும்டா,” என்றாள் அம்மா.

“நேத்துதானே ஃபில்டர் மாத்தி காத்து எடுத்தே? அறுபது வயசுல உனக்கு எதுக்கும்மா லோடு அடிக்கிற வேலை? நாளைக்கு பழைய இரும்புக்காரர வரச் சொல்றேன். அவருக்கு வண்டி ஓடணும்னு அவசியம் இல்ல.”

“வரட்டும்.”

மகன் தெருமுனை திரும்பியதும் அம்மா இடுப்பிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். காலையில் தன் கையாலேயே தளர்த்தி வைத்த, டீசல் லைனில் காற்றை வெளியேற்றும் திருகில் குமிழி அடங்கும்வரை கைப்பம்பை அழுத்தினாள். பிறகு திருகை அரைச் சுற்று இறுக்கினாள்.

ஒரே முடுக்கில் வண்டி உறுமியது.

லோடு பிடித்துத் தருபவருக்குப் போன் போட்டாள்.

“நாளைக்கு வெளியூர் லோடா பாத்துக் குடுங்க. திரும்பி வர ரெண்டு நாளாவது ஆகணும்.”